திமிரியை விட்டுப் பாரிக்கு: நாயனம் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

நாலு கட்டைச் சுருதியுள்ள திமிரியில் (குட்டை நாதஸ்வரம்) இரண்டு மூன்று வருடம் பழகிய பிள்ளை இரண்டு கட்டைப் பாரியை (நீள நாதஸ்வரம்) கையில் எடுத்தால் முதலில் வருவது வெறும் காற்றுச் சத்தம். அதற்குப் பிறகு ஒரு பிளிறல். மூன்றாம் நாள் உதடு வீங்கும், நாலாம் நாள் "இந்த நாயனம் சரியில்லை" என்று பெட்டியில் வைத்து மூடிவிடுவார்கள். நாயனம் அனேகமாகச் சரியாகத்தான் இருக்கும். பழைய சீவாளியை (வாயில் வைத்து ஊதுகிற நாணல்) புதிய உலவில் (மரக் குழாய்) செருகி, பழைய மூச்சை ஊதி, பழைய இடத்தில் விரலை வைத்ததுதான் பிழை.

உலவு, சீவாளியை அதனோடு இணைக்கிற சின்னக் குழலான கெண்டை, சீவாளி மூன்றும் சேர்ந்ததுதான் கருவி. ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டும் அதற்கு ஒத்துவர வேண்டும். அதனால் இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதைக் கொப்பியில் எழுதி வையுங்கள். சீவாளியையும் கெண்டையையும் ஒரே பின்னேரத்தில் மாற்றினால், சுருதி ஏன் இறங்கியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

எது மாறுகிறது

திமிரி குட்டையானது, பொதுவாக நாலு, ஐந்து கட்டைச் சுருதி. பாரி நீளமானது, இரண்டு அல்லது இரண்டரைக் கட்டை. ஆர்மோனியக் கணக்கில் ஒரு கட்டை என்பது சி, இரண்டு கட்டை டி, நாலு கட்டை எஃப், ஐந்து கட்டை ஜி. போனில் சுருதி பார்க்கும் செயலி வைத்திருப்பவர்கள் இந்த எழுத்துகளை நினைவில் வைத்தால் போதும்.

நாலு கட்டைக்கும் இரண்டு கட்டைக்கும் இடையில் மூன்று அரைச்சுரம். மூன்று அரைச்சுரம் இறங்க, குழாய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நீள வேண்டும். துளைகளின் இடைவெளியும் அதே அளவு விரியும். கணக்குக்காகத் திமிரியில் இரண்டு துளைக்கு நடுவே 30 மி.மீ. என்று வைத்தால், பாரியில் அது சுமார் 36 மி.மீ. ஏழு துளைக்குள் ஆறு இடைவெளி உண்டு. முதல் துளையிலிருந்து கடைசித் துளைக்கு மூன்றரைச் சென்றிமீற்றர் கூடிவிடும். சின்ன விரலுக்கு இது பெரிய தூரம். உங்கள் கருவிகள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். எந்த விரல் கஷ்டப்படப் போகிறது என்று ஊதுமுன்பே தெரிந்துவிடும்.

மத்திமமும் மாறும். பழைய திமிரிகளில் சுத்த மத்திமம் தானாகச் சுத்தமாக நிற்காது, உதட்டாலும் மூச்சாலும் அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். இந்தக் குறையைத் தீர்க்கத்தான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தார். இதன் விளைவு ஒன்று உண்டு. திமிரியில் மத்திமத்துக்கு உதட்டை இறுக்கிப் பழகியவர் பாரியிலும் தன்னை அறியாமல் இறுக்குவார், சுரம் பிசகும். கருவியே தருகிற சுரத்தை உதடு கெடுத்துவிடும். பாரிக்கு வந்த முதல் மாதத்தில் மத்திமத்தில் உதட்டைத் தளர்த்தப் பழகுவதே பெரிய வேலை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ கடைக்குப் போய்ப் பத்து நாயனத்தை ஊதிப் பார்த்து ஒன்றைத் தெரிவு செய்கிற வசதி நமக்கு இல்லை. பெரும்பாலும் இந்தியாவுக்குப் போகிற யாரிடமாவது சொல்லிவிடுகிறோம், அல்லது இன்னொரு வித்துவானின் பழைய கருவியை வாங்குகிறோம். ஆகவே சொல்லி அனுப்பும்போதே மூன்று விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். எத்தனை கட்டை என்பது முதலாவது. இரண்டாவது, அந்த உலவுக்கு அதைச் செய்தவரே பொருத்திப் பார்த்த கெண்டை ஒன்று, முடிந்தால் இரண்டு. மூன்றாவது, அந்தக் கெண்டைக்கு ஏற்ற சீவாளி குறைந்தது பத்து. பத்தில் மூன்று நான்குதான் உங்கள் வாய்க்குச் சரிவரும். மிச்சத்தைப் பழுதென்று எறிய வேண்டாம், ஆறு மாதம் போனால் அதிலும் ஒன்றிரண்டு இணங்கும்.

பழைய கருவி என்றால் அணசை (அடியில் விரிந்து நிற்கிற பகுதி) கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். மயிர்போல ஒரு கோடு மேலிருந்து துளை வரை ஓடினால் அது வெடிப்பு. மேல்முனையில் கெண்டை நிற்கிற இடத்தைச் சுற்றி விரலால் தடவுங்கள், வெடிப்பு அதிகமாகத் தொடங்குவது அங்கேதான். அடுத்ததாக ஏழு துளையையும் மூடி, அடிப்பக்கத்தில் விரல் படாமல் இருக்கிற ஐந்து துளைகளையும் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் மெழுகு இருக்கலாம். அது அழுக்கு அல்ல. முன்பு வாசித்தவர் சுருதியைத் திருத்த வைத்தது. துடைத்து எடுத்துவிடாதீர்கள்.

சீவாளியிலிருந்து தொடங்குங்கள்

உலவை ஒரு பக்கம் வைத்துவிட்டு, சீவாளியையும் கெண்டையையும் மட்டும் கையில் எடுங்கள். முதல் இரண்டு நாள் இவை மட்டும் போதும்.

வாயைக் கொப்பளித்துவிட்டு, சீவாளியைச் சுத்தமான தண்ணீரில் இரண்டு மூன்று நிமிடம் நனையுங்கள். சீனி போட்ட தேத்தண்ணி குடித்த வாயோடும் வெற்றிலை போட்ட வாயோடும் ஊதினால் நாணல் தட்டுகளுக்கு நடுவே பசைபோலப் படிந்து, இரண்டு கிழமையில் சீவாளி ஊமையாகும். நனைந்ததும் முன்பக்கம் இருந்து சீவாளியின் வாயைப் பாருங்கள். இரண்டு தட்டும் ஒரே அளவில் வளைந்து, நடுவில் மெல்லிய கண் வடிவத்தில் இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்தால் அந்தச் சீவாளி ஒருபோதும் நிதானமாகப் பேசாது.

இனிக் கெண்டையின் அடித்துளையை விரலால் அடைத்துக்கொண்டு சீவாளியில் மெதுவாக ஊதுங்கள். காற்று எங்கும் போகக் கூடாது. நூல் கட்டிய இடத்தில் புஸ் என்று கேட்டால் ஒழுக்கு, அதைச் சரிசெய்யாமல் அடுத்த படிக்குப் போவது வீண். பிறகு விரலை எடுத்து, மெல்லத் தொடங்கி மெதுமெதுவாகக் கூட்டி ஊதுங்கள். நல்ல சீவாளி மெல்லிய மூச்சிலேயே பேசத் தொடங்கும், பலமாக ஊதினாலும் வாய் ஒட்டிக்கொள்ளாது.

மெல்ல ஊதினால் பேசாமல், பலமாக ஊதினால் மட்டும் "பா" என்று வெடித்தால் வாய் அதிகம் திறந்திருக்கிறது. அப்படிப்பட்ட சீவாளி சுருதியையும் இறக்கும், உதட்டையும் பத்து நிமிடத்தில் களைக்க வைக்கும். நனைந்த நிலையில் இரண்டு தட்டையும் பெருவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் மெதுவாக அமத்தி, மனதுக்குள் இருபது எண்ணும்வரை பிடியுங்கள். மாறாகச் சத்தம் கீச்சென்று மெலிந்து, பலமாக ஊதும்போது அடைபட்டுப் போனால் வாய் ஒடுங்கிவிட்டது. அப்போது தட்டுகளை அமத்தாமல் இரண்டு ஓரத்தையும் பக்கவாட்டில் இலேசாக நெருக்குங்கள், வாய் திறக்கும். காய்ந்த சீவாளியில் இதைச் செய்தால் ஒரு சின்ன 'டிக்' சத்தம் கேட்கும். அதோடு அது முடிந்தது. நாயனத்தோடு கூடத் தொங்குகிற ஊசி எச்சில் கசடை எடுக்கத்தான், தட்டைக் கிழித்துத் திறக்க அல்ல.

திமிரிச் சீவாளியைப் பாரிக்குப் போட்டுப் பார்ப்பது எல்லோரும் செய்வது. சத்தம் வரும், அதுதான் ஆபத்து. கீழ்ச்சுரங்கள் ஓரளவு ஒத்துப்போகும், மேல்ஸ்தாயி ஏறிப்போய் நிற்கும். காரணம் இது. நாயனத்தின் உள் குடைவு மேலே ஒடுங்கிக் கீழே விரிகிற கூம்பு. அந்தக் கூம்பின் நுனி வெட்டப்பட்டிருக்கிறது, வெட்டப்பட்ட பகுதி கொள்ளுகிற காற்றுக்கு ஈடாகத்தான் சீவாளியும் கெண்டையும் நிற்கின்றன. அந்த இடம் குறைந்தால் மேல்ஸ்தாயி ஏறும், கூடினால் இறங்கும். ஆகவே ஷட்ஜத்தையும் மேல்ஷட்ஜத்தையும் மாறி மாறி ஊதிப் பார்ப்பதே சீவாளி பொருந்துகிறதா என்று அறிகிற நேரான சோதனை.

கெண்டையும் நூலும்

மூன்றாம் நாள் உலவோடு பொருத்தலாம். கெண்டையை இலேசாகத் திருகிக்கொண்டே இறக்குங்கள், இடித்து இறக்க வேண்டாம். தளர்வாக இருந்தால் கெண்டையின் அடியில் நூல் சுற்ற வேண்டும். ஒரே தடவையில் பத்துச் சுற்றுச் சுற்றாதீர்கள். இரண்டு சுற்றுச் சுற்றி, பொருத்தி, ஊதிப் பார்த்து, போதாவிட்டால் இன்னும் இரண்டு. நூல் தடித்தால் கெண்டை மேலே நிற்கும், கருவி நீளும், சுருதி இறங்கும்.

இதில் புதியவர்கள் தவறவிடுகிற ஒன்று: கெண்டை 2 மி.மீ. மேலே வந்தால் எல்லாச் சுரமும் ஒரே அளவில் இறங்குவதில்லை. மேல்துளைகளில் பிறக்கிற சுரங்களுக்குக் குழாய் குட்டை, அவற்றுக்கு 2 மி.மீ. பெரிய பங்கு. அதனால் அவை கூட இறங்கும், எல்லாத் துளையும் மூடிய சுரம் குறைவாகத்தான் இறங்கும். சுருதிப்பெட்டிக்கு ஷட்ஜத்தை மட்டும் சேர்த்துவிட்டு "சுருதி சேர்ந்துவிட்டது" என்று எழும்ப வேண்டாம். ஷட்ஜம், பஞ்சமம், மேல்ஷட்ஜம் மூன்றையும் பாருங்கள். மூன்றும் சேருகிற இடத்தில் கெண்டையில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

விரல்

பாரியின் துளைகளை விரல் நுனியால் மூட முயன்றால் கை இறுகும். நுனிக்குச் சற்றுக் கீழே இருக்கிற சதையால் மூடுங்கள், விரல் நேராகப் படுக்கட்டும். எந்தக் கை மேலே என்பது நீங்கள் பழகிய வழி, கருவி மாற்றுகிற நேரத்தில் அதையும் மாற்ற வேண்டாம்.

ஒழுக்கைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஊதாமல், எல்லாத் துளையையும் பத்து விநாடி அழுத்தி மூடி, கையை எடுத்து விரல்களைப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் வட்டம் பதிந்திருக்கும். முழு வட்டம் பதிந்த விரல் சரி. பிறைபோல அரைவட்டம் பதிந்திருந்தால் அந்த விரல்தான் ஒழுக்கு. மோதிர விரலும் சின்ன விரலுமே பெரும்பாலும் பிறை காட்டும். கீழ்ச்சுரம் களகளவென்று உடைந்தாலோ தானாக மேல்ஸ்தாயிக்குத் தாவினாலோ, சீவாளியைக் குறை சொல்லுமுன் இந்த வட்டத்தைப் பாருங்கள்.

அரைத்துளைச் சுரங்களே கடினமானவை. பழைய நாயனத்தில் ஒரு சுரத்துக்கு விரலை எவ்வளவு விலத்தினீர்கள் என்பது விரலுக்குள் பதிந்திருக்கிறது. புதியதில் துளை அகலம் வேறு, விலத்த வேண்டிய அளவும் வேறு. இதற்குக் குறுக்குவழி இல்லை. சுருதிப்பெட்டியைப் போட்டு, மாயாமாளவகௌளையில் சுத்த ரிஷபத்தை மட்டும் எடுத்து, முழுத்துளையிலிருந்து மயிரிழை மயிரிழையாக விலத்தி, சுரம் வந்து நிற்கிற இடத்தை விரலுக்குக் காட்ட வேண்டும். ஒரு நாளுக்கு ஒரு சுரம் போதும்.

முதல் ஆறு கிழமை

முதல் கிழமையில் விடிய பதினைந்து நிமிடம், பின்னேரம் பதினைந்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. புதிய மரத்துக்கு உள்ளே சூடும் ஈரலிப்பும் திடீரென்று ஏறினால் வெடிக்கும், உதட்டுக்கும் அதுதான் அளவு. நீட்டுச் சுரம் மட்டும் ஊதுங்கள்: ஒரு சுரத்தை எட்டு எண்ணும்வரை, மெல்லத் தொடங்கி, கூட்டி, குறைத்து முடிக்க வேண்டும். தலை சுற்றினால் உடனே நிறுத்தி இருங்கள். பாரி திமிரியை விடக் கூடுதல் காற்றைக் கேட்கும். அழுத்தத்தைக் கூட்டக் கூடாது, மூச்சின் அளவைத்தான் கூட்ட வேண்டும். கன்னம் விறைத்து கழுத்து நரம்பு புடைத்தால் அழுத்தத்தால் ஊதுகிறீர்கள் என்று அர்த்தம்.

இரண்டாம் மூன்றாம் கிழமை சரளி வரிசை, முதல் காலத்தில் மட்டும். நாலாம் கிழமை அலங்காரம், இரண்டு காலம். இதற்குள் பழைய கீர்த்தனைகளை வாசிக்க ஆசை வரும். தெரிந்த உருப்படியை வாசித்தால் காது நினைவிலிருப்பதைக் கேட்கும், வருகிற சுரத்தைக் கேட்காது. அதனால்தான் முதல் மாதம் வரிசைகளோடு நிற்கச் சொல்கிறோம். ஐந்தாம் கிழமையில் மோகனத்தில் ஒன்று, பிறகு சங்கராபரணத்தில் ஒன்று. மோகனத்தில் மத்திமமும் நிஷாதமும் இல்லை, அதனால் கை இலகுவாகும். சங்கராபரணத்தில் சுத்த மத்திமம் வருகிறது, உதடு தளர்ந்திருக்கிறதா என்று அங்கே தெரியும். ஆறாம் கிழமை தவிலோடு. வீட்டில் தனியே நன்றாகக் கேட்ட நாதம் தவில் முன்னால் அரைவாசியாகத் தெரியும், அப்போது பலமாக ஊதி மேல்சுரங்களை ஏற்றிவிடுவீர்கள். கம்பீரநாட்டையில் மல்லாரி வாசித்துப் பாருங்கள். சாமி புறப்படும்போது வேண்டிய பலம் அதுதான். அந்தப் பலத்திலும் சுருதி நிற்க வேண்டும்.

ஆகவே மாமாங்கம் கோயிலிலோ திருக்கோவில் முருகன் கோயிலிலோ ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டவர்கள் வைகாசிக்குப் பிறகு கருவி மாற்றவே கூடாது. கலியாணவீடு என்றாலும் இதே கணக்கு. கூட வாசிக்கிறவரையும் யோசியுங்கள். இரண்டு நாயனம் சேர்ந்து வாசிக்கிற குழுவில் ஒருவர் மட்டும் இரண்டு கட்டைக்கு மாறினால் மற்றவருக்கு இடமில்லை. வாங்குமுன்பே இருவரும் கதைத்துக்கொள்வது நல்லது.

கச்சானும் மாரியும்

நமது பக்கத்தில் காலநிலை கருவிக்குள் புகுந்து வேலை செய்யும். குழாய்க்குள் இருக்கிற காற்று 10 பாகை சூடேறினால் சுருதி அரைச்சுரத்தில் கால்பங்குக்கு மேல் ஏறும். விடிய பூசைக்கு ஆறு மணிக்குச் சேர்த்த சுருதி, கச்சான் (காய்ந்த சூட்டுக் காற்று) அடிக்கிற மத்தியானம் வீதியில் நிற்காது. கச்சான் காலத்தில் சீவாளி கெதியில் காயும், வாய் ஒடுங்கும். ஒரு சின்னப் போத்தல் தண்ணீரை இடுப்பில் வைத்திருங்கள். மார்கழி மழையில் இதற்கு எதிர்மாறு: சீவாளி ஊறி வாய் திறக்கும், பாரமாகும். நனைக்கிற நேரத்தை அரை நிமிடமாகக் குறையுங்கள். சொப்பிங் பைக்குள் ஈரச் சீவாளியைச் சுருட்டி வைத்தால் மூன்று நாளில் பங்கசு பிடிக்கும். காற்றுப் போக இரண்டு துளை போட்ட சின்ன டப்பா போதும்.

மெழுகைப் பற்றி: இரண்டு மாதம் வாசித்தும் ஒரு சுரம் மட்டும் விடாமல் ஏறி நின்றால், அந்தச் சுரம் பிறக்கிற துளையின் மேல்விளிம்பில் நெல்மணியில் பாதியளவு தேன்மெழுகு ஒட்டினால் அது இறங்கும். அடிப்பக்கத்து ஐந்து துளைகளை அடைத்துத் திறப்பது கீழ்ச்சுரங்களுக்கானது, அதைக் குருவின் முன்னால் செய்யுங்கள். முதல் மாதத்தில் மெழுகைத் தொட வேண்டாம். அப்போது ஏறி நிற்பது சுரமாக இருக்காது, உங்கள் உதடாக இருக்கும். மெழுகு வைத்த நாயனத்தை வெயிலில் நிற்கிற ஓட்டோவுக்குள் விட்டுவிட்டுப் போனால், திரும்பி வரும்போது மெழுகு துளைக்குள் வழிந்திருக்கும்.

வேறு குழலிலிருந்து வருகிறவர்கள்

பாடசாலையில் ரெக்கோடர் ஊதிய பிள்ளைக்கு விரல் ஓடும், உதடுதான் புதிது. முதல் இரண்டு நாளுக்குச் சொன்ன சீவாளி வேலையை ஒரு மாதத்துக்கு நீட்டுங்கள். பேண்டில் கிளாரினெட் வாசித்தவர்களுக்குக் குழப்பம் வேறு. கிளாரினெட்டின் குழாய் உருளை, பலமாக ஊதினால் ஒரு ஸ்தாயியையும் தாண்டி மேல் பஞ்சமத்துக்குப் போகும். நாயனம் கூம்பு, அதே துளையில் நேரே மேல்ஸ்தாயிச் சுரம் வரும். கிளாரினெட்டில் மேற்பல் வாய்முனையில் படும். இங்கே சீவாளியில் பல் படவே கூடாது, இரண்டு உதடும்தான்.

ஓபோ வாசித்தவர்கள் அபூர்வம், ஆனால் அவர்கள்தான் நாயனத்துக்கு மிக அண்மையில் இருப்பவர்கள்: அதுவும் இரட்டை நாணல், அதுவும் கூம்பு. அவர்களைத் தடுக்கி விழுத்துவது மூச்சு. ஓபோவின் நாணல் வாய் மிகச் சின்னது, மூச்சு மிஞ்சி நெஞ்சுக்குள் தேங்கும், அதனால் இழுக்குமுன் வெளியே விடப் பழகியிருப்பார்கள். நாயனத்தில் மூச்சு முடிந்துபோகும். அதோடு ஓபோவில் சாவிகள் செய்து கொடுத்த அரைச்சுரத்தை இங்கே விரலும் உதடும் செய்ய வேண்டும்.

வாசித்து முடித்ததும்

சீவாளியைக் கழற்றித் துடைத்து டப்பாவில் வையுங்கள். ஒருவரின் சீவாளியை இன்னொருவர் வாயில் வைக்க வேண்டாம். அணசைக் கழற்றி, பழைய பருத்தி வேட்டித்துண்டை நூலில் கட்டி, அகன்ற பக்கத்திலிருந்து உள்ளே விட்டு இழுங்கள். துணியின் பின்பக்கத்திலும் ஒரு நூல் கட்டாயம் தொங்க வேண்டும். மேலே போகப் போகக் குடைவு ஒடுங்கும், துணி இறுகினால் அந்த நூலைப் பிடித்துத் திரும்ப இழுத்து எடுக்கலாம். நூல் இல்லாமல் இறுகிய துணியைக் கம்பியால் குத்தி எடுக்கப் போய்க் குடைவைக் கீறினால், கீறிய இடத்துச் சுரம் பிறகு சரிவராது. உள்ளே எண்ணெய் பூசலாமா, எந்த எண்ணெய் என்பதைக் கருவி செய்தவரிடம் வாங்குகிற அன்றே கேட்டு வையுங்கள்.

பழைய திமிரியை விற்றுவிடாதீர்கள், ஆறு மாதமாவது. ஆனால் பாரிக்கு மாறிய முதல் ஆறு கிழமையில் அதை எடுக்கவும் வேண்டாம். அதன் சீவாளிகளை மட்டும் மாதம் ஒரு தடவை நனைத்து, ஊதிப் பார்த்து, காயவிட்டு வையுங்கள்.